துஆப் பூ கை மூடியது

மயிலாப்பூர்
9 பிப்ரவரி 2025

தம்பி சஃப்வானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாமை முதலில் சொல்கிறவருக்கே நன்மை அதிகம் என்பதால் முந்திக்கொண்டேன், வேறு காரணம் எதுவும் இல்லை. நீயும் மஹ்விஷும் நலமா? நானும் என் வீட்டுக்காரரும் நலம். அவருக்குச் சர்க்கரை மட்டும் ஏறி இறங்குகிறது.

மயிலாப்பூரிலிருந்து நங்கநல்லூருக்குத் தபால் எழுதுகிற ஒரே பொம்பளை இந்தக் காலத்தில் நானாகத்தான் இருப்பேன். என்ன செய்ய? போனில் என்னை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். நம்மைப் பெற்ற அம்மியின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா அன்று, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், "இந்த வூட்டு வாசப்படிய இனிமே மிதிச்சா நான் ஜைதூன் பீ மவன் இல்ல, வல்லாஹி" என்று சத்தியம் பண்ணிவிட்டு மஹ்விஷை இழுத்துக்கொண்டு போனாய். எதற்காக? அம்மி பிரியாணி ஆக்கின ஒரு செம்புத் தேக்சாவுக்காக.

நான் அதைப் பற்றி எழுத உட்காரவில்லை. நீ தூக்கிக்கொண்டு போகாமல் என் தலையில் கட்டிவிட்டுப் போன கடல்தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதுகிறேன். தொட்டி அலமாரிக் கதவில் நீ ஒட்டிய தாளில் உள்ளபடிதான் எல்லாம் நடக்கிறது. வாரம் ஒரு தடவை முப்பது லிட்டர் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, ஆர்.ஓ. தண்ணீரில் உன் உப்பைக் கலந்து ஊற்றுகிறேன். விளக்கு தானாக எரிகிறது, தானாக அணைகிறது.

ஆனால் அம்மி 'துஆப் பூ' என்று பேர் வைத்த கோரல் பத்து நாளாகக் கையை அசைக்கவில்லை. அல்லாஹ்விடம் துஆ கேட்கிற மாதிரி விரல்களை விரித்து விரித்து மூடுமே, அது நின்றுவிட்டது. முன்னே கைப்பிடி அளவு கொத்தாக இருந்தது, இப்போது சுருங்கிப் போயிருக்கிறது. காளான் மாதிரி இருக்கிறவையும் ஓரம் மடங்கிக் கிடக்கின்றன.

படுக்கையில் இருந்த கடைசி நான்கு மாதமும் அம்மி அந்தப் பூ விரிந்து மூடுவதைப் பார்த்துத்தான் தஸ்பீஹ் எண்ணினார்கள். அதனால்தான் எழுதுகிறேன். உன் தொட்டி செத்தால் எனக்கு ஒன்றுமில்லை. அம்மியின் பூ செத்தால் நான் தாங்க மாட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

வஸ்ஸலாம்.
கமர் ஜஹான்

* * *

நங்கநல்லூர்
13 பிப்ரவரி 2025

ஆபாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். பதில் சலாம் கடமை என்பதால் சொல்லியாயிற்று. நாங்கள் நலம். பாய்க்கு இனிப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

தொட்டியை நான் வேண்டுமென்று விட்டு வரவில்லை. நான் இருப்பது இரண்டாம் மாடி. வீட்டுச் சொந்தக்காரர் விஜயராகவன் சாரிடம் கேட்டேன். "மீன் இருந்தா இருந்துட்டுப் போகட்டும், நானூறு கிலோ தண்ணி வேண்டாமே" என்றார். இல்லாவிட்டால் உங்கள் கையில் ஒரு நத்தையைக்கூட விட்டு வந்திருக்க மாட்டேன்.

கோரல் என்பது செடி இல்லை, உயிர். அதற்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் கத்தாது, அழாது, கையை மூடிக்கொள்ளும். அதிலும் அந்தப் பூ முதலில் மூடிக்கொள்ளும் ஜாதி. ஆகவே நான் கேட்பதற்கெல்லாம் பதில் எழுதுங்கள். ஹாலில் சாம்பிராணி போடுகிறீர்களா? கொசுவத்தி, ரூம் ஸ்ப்ரே? தீனி எவ்வளவு போடுகிறீர்கள்? "பாவம், பசிக்கும்" என்று அள்ளிக் கொட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். கரண்ட் எத்தனை தடவை போனது? உப்பு மீட்டர் எவ்வளவு காட்டுகிறது? தொட்டியைத் துடைக்க எதைப் பயன்படுத்துகிறீர்கள்? படம் எடுத்து அனுப்புங்கள்.

என்னை அழைக்க வழி இல்லையே என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அம்மியின் பாத்திரத்தைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடும்போது எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். அப்போது நான் உங்களை பிளாக் செய்திருக்கவில்லை.

வஸ்ஸலாம்.
சஃப்வான்

* * *

மயிலாப்பூர்
20 பிப்ரவரி 2025

சஃப்வானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். நீங்களும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன்.

படம் கேட்டாய். கச்சேரி ரோட்டில் கலர் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உன் விளக்கு நீலமாக எரிவதால் நான்கு படமும் நீலமாகத்தான் வந்திருக்கின்றன. கடைக்காரர் "இன்னா மேடம் இது, மை கொட்டிகிச்சா?" என்று கேட்டார். எனக்கு நன்றாக வேண்டும்.

சாம்பிராணி போடுவதில்லை. கொசுவத்தி இல்லை, மட்டைதான். ஸ்ப்ரே வாங்குகிற வழக்கம் இந்த வீட்டில் மஹ்விஷுக்குத்தான் இருந்தது. தீனி நீ கொடுத்த குட்டிக் கரண்டியில் ஒரு கரண்டி. கரண்ட் இரண்டு தடவை போனது, உடனே வந்துவிட்டது. மீட்டர் முப்பத்தைந்து காட்டுகிறது. கண்ணாடியை வெறும் துணியால் துடைக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, உன் தொட்டிக்கு வந்த நோயை என் தலையில் எழுதாதே.

நத்தையை விட்டு வந்திருக்க மாட்டேன் என்றாயே. ஐந்து நத்தையும் செத்துப்போய்விட்டன. துஆப் பூ கை மூடுவதற்கு முன்பே ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தன. வயசாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து எடுத்துப் போட்டேன். அந்த வெள்ளை மீசை இறாலையும் காணவில்லை. ஆரஞ்சு மீன் ஜோடிக்கு ஒரு கேடும் இல்லை, நன்றாகத் தின்கின்றன, ஒன்றையொன்று விரட்டுகின்றன. நம் இரண்டு பேரைப் போல.

வஸ்ஸலாம்.
கமர் ஜஹான்

* * *

நங்கநல்லூர்
24 பிப்ரவரி 2025

ஆபாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நலம்.

நத்தை செத்ததை இரண்டாவது கடிதத்தில், கடைசிப் பாராவில், போகிற போக்கில் எழுதுகிறீர்கள். அதுதான் முதல் வரியாக வந்திருக்க வேண்டும். முதலில் நத்தை, அப்புறம் இறால், அப்புறம் கோரல். மீனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. ஆபா, இது வியாதி இல்லை. தண்ணீரில் விஷம் இருக்கிறது.

நீங்களாக ஊற்றினீர்கள் என்று நான் சொல்லவில்லை. நினைக்கிறேன், சொல்லவில்லை.

இத்துடன் ஒரு வெள்ளைப் பஞ்சுத் தகடு வைத்திருக்கிறேன். அடையாற்றில் தொட்டி வைத்திருக்கிற என் சிநேகிதன் சாய்சரண் கொடுத்தான். இதைப் பின்பக்க வடிகட்டியில், தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். தண்ணீரில் இருப்பதை உறிஞ்சி நிறம் மாறும். பழுப்பாக மாறினால் வெறும் அழுக்கு. ஆரஞ்சு என்றால் இரும்பு. நீலமாக மாறினால் செம்பு. செம்பு மீனை அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் செய்யாது, ஆனால் எலும்பில்லாத உயிர் ஒவ்வொன்றையும் கொல்லும். என்னுடைய சந்தேகம் அதன் மேல்தான். தொட்டிக்குள் பழைய காசு, வளையல், ஊக்கு எதுவும் விழுந்திருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று. உப்பை எதில் கலக்கிறீர்கள்? என் நீல பிளாஸ்டிக் வாளியில்தானே?

நோன்பு வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதச் சொல்லி மஹ்விஷ் சொன்னாள். எழுதிவிட்டேன்.

வஸ்ஸலாம்.
சஃப்வான்

* * *

மயிலாப்பூர்
12 மார்ச் 2025

சஃப்வானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலான் முபாரக். பதினோரு நோன்பு முடிந்தது. அவரும் சர்க்கரையை வைத்துக்கொண்டு பிடிவாதமாகப் பிடிக்கிறார். மஹ்விஷுக்கு என் சலாம்.

பதில் எழுதத் தாமதம். நோன்பு நேரத்தில் எனக்கு உன் தொட்டி ஒன்றுதான் வேலையா?

தொட்டிக்குள் கையைவிட்டு மூலை மூலையாகப் பார்த்தேன். காசும் இல்லை, வளையலும் இல்லை. நான் விஷம் ஊற்றினேன் என்று நினைக்கிறாயா? நினை. உனக்கு நினைப்பதற்கு என்ன பஞ்சம். அம்மியின் தலைமாட்டில் நான்கு மாதம் உட்கார்ந்திருந்தவள் நான். நீ ஏர்போர்ட் ஷிப்ட் முடிந்து வந்து, அம்மிக்கு முன்னால் தொட்டிக்குத்தான் முகம் காட்டினாய்.

தகட்டை ஒரு வாரம் வைத்து எடுத்தேன். பழுப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

துஆப் பூ இன்னும் சின்னதாகிவிட்டது. தோல் மாதிரி இருக்கிற பெரிய கோரல் மேலே ஏடு கட்டினது மாதிரி ஆகி, உரிகிறது. அழுக்குதான் என்றால் அதற்கு மருந்து எழுது. வேறு கதை வேண்டாம்.

வஸ்ஸலாம்.
கமர் ஜஹான்

* * *

நங்கநல்லூர்
17 மார்ச் 2025

ஆபாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்களுக்கும் பாய்க்கும் ரமலான் முபாரக்.

அழுக்கு நத்தையைக் கொல்லாது. கணக்கு உதைக்கிறது. ஆனாலும் நீங்கள் பழுப்பு என்கிறீர்கள், நான் நேரில் பார்க்க முடியாது, ஆகவே அழுக்குக்கான வைத்தியமே சொல்கிறேன். வாரம் முப்பது லிட்டருக்குப் பதில், இரண்டு நாளைக்கு ஒரு முறை முப்பது லிட்டர் மாற்றுங்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். கரித்தூள் பையை வடிகட்டியில் போடுங்கள். தோல் உரிவது தானாகச் சரியாகும், அது அப்படித்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். பூவை மட்டும் தொடாதீர்கள்.

வாளியைப் பற்றிக் கேட்டேன். பதில் இல்லை.

இந்த நோன்புக்கு நாங்கள் பள்ளிவாசல் கஞ்சியை வாங்கி வந்து குடிக்கிறோம். அம்மி தன் தேக்சாவில் காய்ச்சி, நம் படிக்கட்டு முழுக்க ஆள் நிற்க, ஒவ்வொரு தூக்கிலும் ஊற்றிக் கொடுத்த கஞ்சியை நினைத்துக்கொண்டே குடிக்கிறோம். அந்தப் பாத்திரம் இந்நேரம் எந்தப் பட்டறையில் உருகி என்ன கம்பியாக ஆகியிருக்கிறதோ. உங்களுக்கு எப்படி நோன்பு திறக்கத் தொண்டையில் இறங்குகிறது என்று தெரியவில்லை.

பெருநாளுக்கு முந்தின ஞாயிறு, முப்பதாம் தேதி, சாய்சரண் வந்து தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பான். அவன் மேல் எனக்குச் சத்தியம் கித்தியம் எதுவும் இல்லை. கதவைத் திறந்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.
சஃப்வான்

* * *

மயிலாப்பூர்
5 ஏப்ரல் 2025

அன்புள்ள சஃப்வான் பாய்க்கு, உங்க ஆபா வீட்டுக்காரர் கரீமுல்லா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். ஈத் முபாரக். பெருநாளுக்கு நீங்க ரெண்டு பேரும் வராம சேமியா வீட்லயே கெட்டுப் போச்சு.

எனக்குக் கடிதம் எழுத வராது. பேசுற மாதிரியே எழுதறேன், கோவிச்சுக்காதீங்க. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சொல்வாங்களே, அது நான்தான். நீங்க எழுதற லெட்டர படிச்சிட்டு உங்க ஆபா என்னை ஏசறா. அவ எழுதற லெட்டர படிச்சிட்டு நீங்க யாரை ஏசறீங்களோ, பாவம் மஹ்விஷ்.

மூணே மூணு விஷயம் சொல்றேன். நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க.

உங்க நீல வாளி ஜனவரியிலயே அடியில விரிஞ்சு போச்சு.

சாய்சரண் தம்பி வந்து காலிங் பெல் அடிச்சப்போ நாங்க உள்ளதான் இருந்தோம். உங்க ஆபா என் கையைப் புடிச்சிக்கினு "சத்தம் போடாதீங்க"ன்னா. அந்தத் தம்பி கால் மணி நேரம் நின்னுட்டுப் போச்சு. நோன்பும் அதுவுமா எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அந்தத் தகடு நீலம். நல்ல நீலம்.

மீதியை அவதான் சொல்லணும். உங்க லெட்டர்ல வாளின்னு எழுதியிருந்த அன்னிலேர்ந்து அவ சரியா தூங்கல. தொட்டி முன்னாடியே உக்காந்திருக்கா. அவளை ரொம்ப ஏசாதீங்க, கொஞ்சமா ஏசுங்க.

வஸ்ஸலாம்.
கரீமுல்லா

* * *

நங்கநல்லூர்
8 ஏப்ரல் 2025

ஆபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன்.

தண்ணீரில் செம்பு இருக்கிறது. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். உப்புத் தண்ணீரை ஒரு ராத்திரி முழுக்கச் செம்புப் பாத்திரத்தில் வைத்தால் பாத்திரம் கரைந்து தண்ணீரோடு வரும். அந்த வீட்டில் முப்பது லிட்டர் கொள்கிற செம்புப் பாத்திரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எடைக்குப் போய்விட்டது என்று நாற்பதாம் நாள் அன்று அம்மியின் படத்துக்குக் கீழே நின்று, வல்லாஹி போட்டுச் சொன்னீர்கள்.

ஒரே கேள்விதான். உப்பை எதில் கலந்தீர்கள்?

வஸ்ஸலாம்.
சஃப்வான்

* * *

மயிலாப்பூர்
29 ஏப்ரல் 2025

சஃப்வானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நலம் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. எழுதித் தொலைக்கிறேன், படித்துத் தொலை.

தேக்சா விற்கப்படவில்லை. பரண் மேல் பழைய ரஜாய்ப் போர்வைக்குள் சுற்றி வைத்திருந்தேன்.

உன் வாளி உடைந்த அன்று வேறு பெரிய பாத்திரம் இல்லை. அவரை ஏற்றிவிட்டு அதை இறக்கினேன். உள்ளே ஈயப் பூச்சு போயிருந்தது எனக்குத் தெரியும். கொரோனாவுக்கு அப்புறம் ஈயம் பூசுகிறவர் நம் தெருப் பக்கம் வரவே இல்லை, அம்மியும் கடைசி இரண்டு வருஷம் அதில் ஆக்கவில்லை. சோற்றுக்குத்தானே ஈயம் வேண்டும், மீன் தண்ணீருக்கு எதற்கு என்று நினைத்தேன். இன்னும் சொன்னால், சந்தோஷமாகத்தான் கலந்தேன். அம்மியின் பாத்திரத்திலிருந்து அம்மியின் பூவுக்குத் தண்ணீர் போகிறது என்று. பளபளவென்று துலக்கி வேறு வைத்தேன். துலக்கத் துலக்க இன்னும் நன்றாகக் கரைந்திருக்கும், இல்லையா?

உன் தகட்டைப் போட்ட இரண்டாம் நாளே ஓரத்திலிருந்து நீலம் ஏறியது. நான் அதன் முன்னாலேயே நின்றேன். அன்றைக்கே தேக்சாவைத் திரும்பப் பரண் ஏற்றிவிட்டு, புது வாளி வாங்கி வந்தேன். இனிமேல் செம்பு போகாது, பூ தானாகப் பிழைத்துக்கொள்ளும், உனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை என்று கணக்குப் போட்டேன். பிழைக்கவில்லை. தோல் கோரல் போய்விட்டது. காளான் ஆறில் இரண்டுதான் மிச்சம். துஆப் பூ ஒரு சுண்டுவிரல் அளவு ஒரு சின்னக் கல்லின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, ஏன் பொய் சொன்னேன் என்று கேள்.

நாற்பதாம் நாளுக்கு முந்தின சாயங்காலம். நீ சமையலறையில் மஹ்விஷிடம் பேசிக்கொண்டிருந்தாய். நான் வெங்காயக் கூடையோடு வாசலில் நின்றேன். "தேக்சாவ நாம எடுத்துக்கலாம். ஆபாவுக்கு எதுக்கு? புள்ளையா குட்டியா, யாருக்கு ஆக்கிப் போடப் போறாங்க?" என்றாய். மஹ்விஷ் "மெதுவா பேசுங்க" என்றாள். அவளுக்காவது அது மெதுவாகச் சொல்ல வேண்டியது என்று தெரிந்திருந்தது.

பத்தொன்பது வருஷமாக ஊரில் எல்லோரும் கேட்டார்கள், பொறுத்துக்கொண்டேன். நீ கேட்டதைப் பொறுக்க முடியவில்லை. உன்னைத் தூக்கி வளர்த்த கை இது. அன்று ராத்திரியே தேக்சாவை ஏற்றிவிட்டேன். மறுநாள் நீ அத்தனை பேர் முன்னால் கேட்டபோது, வாயில் வந்தது வல்லாஹி.

இப்போது என்ன வேண்டுமானாலும் எழுது. ஆனால் பூவுக்கு மருந்தையும் எழுது.

வஸ்ஸலாம்.
கமர் ஜஹான்

* * *

நங்கநல்லூர்
2 மே 2025

ஆபாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் பொய்யின் மேல் நான் சத்தியம் செய்திருக்கிறேன். ஐந்து மாதமாக அம்மி இருந்த வீட்டுக்குள் கால் வைக்காமல், அம்மியை அடக்கிய கபுருஸ்தானுக்குப் போய்விட்டு நேராக ரயில் ஏறி வந்திருக்கிறேன். மார்ச்சிலேயே நீலம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் தோல் கோரல் பிழைத்திருக்கும். அது ஆறு வருஷமாக நான் வளர்த்தது. உங்களுக்கு அது உரிகிற ஏடு.

இப்போதைக்கு மருந்து எழுத முடியாது. எழுதினால் வேறு என்னென்னவோ வந்துவிடும்.

வஸ்ஸலாம்.
சஃப்வான்

* * *

நங்கநல்லூர்
14 மே 2025

ஆபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பாய்க்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? நாங்கள் நலம். மஹ்விஷ் பன்னிரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தாள். "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றாள், அவ்வளவுதான். சாம்பார் மட்டும் வைக்கிறாள்.

நான் அப்படிச் சொன்னேன். சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லை. உங்கள் கடிதத்தில் படித்ததும் ஞாபகம் வந்தது. போன வாரம் முழுக்க, நீங்கள் பொய் சொன்னதைப் பெரிதாக வைத்துக்கொண்டு அதை மறந்துவிடலாம் என்று பார்த்தேன். மறக்க விடமாட்டேன் என்கிறது.

இனி வைத்தியம். செம்பு தண்ணீரில் மட்டும் இல்லை, கல்லிலும் மணலிலும் ஏறியிருக்கும். எத்தனை தண்ணீர் மாற்றினாலும் கல் திரும்பத் திரும்பக் கக்கும். அந்தத் தொட்டியில் இனி எந்தப் பூவும் வாழாது. மீன்கள் அங்கேயே இருக்கட்டும். பூவின் தண்டைக் கத்தியால் அடியோடு நறுக்கி, சுத்தமான உப்புத் தண்ணீரில் அலசி, புதுக் கல்லில் நூலால் கட்டி, சாய்சரண் தொட்டியில் விட வேண்டும். தண்டு இவ்வளவு சின்னதாக இருக்கும்போது கொஞ்சம் அழுத்தினாலும் கரைந்து போகும். இதை எழுதிக் காட்ட முடியாது. சாய்சரண் செய்யத் தயார், ஆனால் என் கை பழகின பூ அது. நான்தான் செய்ய வேண்டும்.

ஆகவே நேற்று பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். சத்தியம் செய்தபின் அதைவிட நல்ல காரியம் ஒன்று எதிரே வந்தால், நல்லதைச் செய், சத்தியத்துக்குப் பரிகாரம் கொடு என்றார். பரிகாரம் என்பது பத்து ஏழைகளுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. நாம் வீட்டில் சாப்பிடுகிற சாப்பாடாக இருக்க வேண்டும், மட்டமாக இருக்கக் கூடாது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன். பூவுக்காக வருகிறேன். நீங்கள் என்னிடம் பேச வேண்டியதில்லை. வாசலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள், போதும். சாப்பாட்டுக்கு நான் வெளியில் ஏற்பாடு செய்துகொள்கிறேன்.

வஸ்ஸலாம்.
சஃப்வான்

* * *

மயிலாப்பூர்
16 மே 2025

சஃப்வானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். அவருக்குச் சர்க்கரை நூற்று அறுபது. மஹ்விஷிடம் சாம்பாரோடு ஒரு கூட்டாவது வைக்கச் சொன்னேன் என்று சொல்.

தபாலை நம்ப முடியாது என்று இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு அவரை ஏசாதே. நீலம் என்று உனக்கு எழுதியது அவர்தான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அந்த மனுஷனுக்குக் கடிதம் எழுதினால் மூன்று நாள் விரலில் மை இருக்கும்.

நானும் ஒரு ஹஜ்ரத்திடம் போனேன், நம் தெருப் பள்ளிவாசலில். திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். உன் சத்தியத்துக்குப் பத்துப் பேர் சோறு போதும். நான் போட்டது தெரிந்தே போட்ட பொய்ச் சத்தியம், அதற்குச் சோறும் இல்லை, நோன்பும் இல்லை, பரிகாரமே கிடையாது என்றார். அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கிற தவ்பா ஒன்றுதான். அதுவும் யாரிடம் பொய் சொன்னேனோ அவரிடம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான். நல்ல சட்டம். கத்தினவனுக்குப் பிரியாணி, மாட்டிக்கொண்டவளுக்கு இது.

இந்தக் கடிதத்தில் அதைக் கேட்கலாம் என்று பேனாவை எடுத்தேன். வரவில்லை. ஆகவே நீ சொன்னபடி வாசலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போக மாட்டேன். வாசலிலேயே நிற்பேன். கேட்பேன். அதற்கப்புறம் படியை மிதி. நீ மன்னிக்கவில்லை என்றாலும் பூவை நறுக்கி எடுத்துக்கொண்டு போ, அதைத் தடுக்க மாட்டேன். அன்றைக்கு மஹ்விஷிடம் சொன்னதற்கு நீயும் ஏதாவது கேட்பதாக இருந்தால் படிக்கு வெளியே நின்றே கேள், உள்ளே வந்து கேட்டால் நான் அழுதுவிடுவேன், வேலை கெட்டுப் போகும்.

கத்தி, நூல், கையுறை நீயே கொண்டு வா. சுத்தத் தண்ணீர் புது வாளியில் கலந்து வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் வாளி, சிவப்பு, மூடியோடு. சந்தேகம் இருந்தால் முகர்ந்து பார்.

இன்று காலை விளக்கு எரிந்ததும் பூவைப் பார்த்தேன். மிச்சமிருக்கிற தண்டில் எட்டு விரல் இருக்கிறது. அதில் ஒன்று விரிந்தது, மூடியது. கண் கோளாறு என்று நினைத்து அவரைக் கூப்பிட்டேன். அவரும் பார்த்தார். மறுபடி விரிந்தது. நான் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். பதினேழு வரை எண்ணினேன், நின்றுவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமை தாமதமாக வராதே.

சாப்பாட்டுக்கு வெளியில் ஏற்பாடு செய்ய வேண்டாம். பாரிமுனையில் ஈயம் பூசுகிற ஒருவரை அவர் தேடிப் பிடித்தார். தேக்சா நேற்று திரும்பி வந்துவிட்டது, உள்ளே வெள்ளி மாதிரி இருக்கிறது. பத்துப் பேரைப் பள்ளிவாசலில் சொல்லி வைத்தாயிற்று. மதியம் பிரியாணி, இரவு குஸ்காவும் தால்ச்சாவும்.

யாருக்கு ஆக்கிப் போடப் போகிறேன் என்று கேட்டாயே. பத்துப் பேருக்கு. நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தால் பன்னிரண்டு. அரிசியை அதற்குத் தகுந்த மாதிரிதான் ஊறப் போடுவேன், அப்புறம் மிச்சமானால் நான் பொறுப்பில்லை.

வஸ்ஸலாம்.
கமர் ஜஹான்